பிஎஸ்2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப், வீ யூ: நான்குக்கும் பொருந்தும் ஏவி ரிசீவர் எது?

மதுரைப் பையன்:

வணக்கம். என்னிடம் பிஎஸ்2 (பெரிய, பழைய மாடல்), முதல் எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப், வீ யூ என்று நான்கு கேம் கன்சோல்கள் இருக்கின்றன. சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா ஊர் திரும்பும்போது கொண்டுவந்தவை. நான்கும் நன்றாகவே ஓடுகின்றன. எல்லாவற்றையும் ஒரே ரிசீவரில் (சத்தத்தைப் பிரித்து ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டி) இணைத்து 5.1 சத்தத்தோடு (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ஆட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

இப்போதைக்கு நண்பரிடம் இரவல் வாங்கிய ஹோம் தியேட்டர் செட் இருக்கிறது. அதில் ஒரே ஒரு ஆப்டிகல் இன்புட் (டிஜிட்டல் சத்தத்தை ஒளியாக வாங்குவது). கன்சோல்களை டிவியில் செருகி, டிவியின் ஆப்டிகல் அவுட்டை அந்தப் பெட்டிக்குக் கொடுத்திருக்கிறேன். எதை ஆடினாலும் முன்னால் இரண்டு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் மட்டும்தான் பாடுகின்றன. வீ யூ செட்டிங்ஸில் சரவுண்ட் என்று மாற்றியும் பயன் இல்லை. பிஎஸ்2-வை நேரடியாக அந்தப் பெட்டியில் ஆப்டிகலில் கொடுத்தால், டிவிடி படத்துக்கு ஐந்து ஸ்பீக்கரும் வருகிறது. கேம் டிஸ்க் போட்டால் மறுபடி இரண்டுதான்.

கேபிள் கோளாறா, பெட்டி கோளாறா? புது ரிசீவர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா? பட்ஜெட் 20,000 ரூபாய். பழையது என்றாலும் சரி. டிவி 1080பி. விவரம் தெரிந்த அண்ணன்கள் சொல்லுங்கள்.

பழைய கன்சோல்:

தம்பி, கேபிளிலும் பெட்டியிலும் குறை இல்லை. உங்கள் நான்கு கன்சோலும் சத்தத்தை நான்கு விதமாக வெளியே அனுப்புகின்றன. அதைப் புரிந்துகொண்டு கடைக்குப் போனால், பெட்டி மேல் எழுதியிருக்கும் வாட் கணக்கைப் பார்த்து மயங்க மாட்டீர்கள்.

முதலில் ஆப்டிகல். அதில் போவது இரண்டு சானல் பிசிஎம், அதாவது சுருக்காத டிஜிட்டல் சத்தம். இல்லையென்றால் பல சானல் சத்தத்தைச் சுருக்கி அனுப்பும் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ். நொடிக்கு 48,000 சாம்பிள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சானல் என்றால் 1,536 கிலோபிட் ஆகிறது. டிவிடியில் இருக்கும் டால்பி டிஜிட்டல் 5.1 அதிகபட்சம் 448 கிலோபிட்தான் என்பதால் அதே பாதையில் தாராளமாகப் போய்விடும். ஆறு சானலையும் சுருக்காமல் பிசிஎம்மாக அனுப்ப 4,608 கிலோபிட் வேண்டும். அதற்கு ஆப்டிகலில் ஏற்பாடே கிடையாது, எச்டிஎம்ஐ-யில் உண்டு.

பிஎஸ்2-வில் படத்துக்கு ஐந்து ஸ்பீக்கர் வந்து கேமுக்கு வராததன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. படத்தின் சத்தம் டிஸ்கிலேயே சுருக்கித் தயாராக இருக்கிறது, பிஎஸ்2 அதை அப்படியே தள்ளிவிடுகிறது. கேமில் நீங்கள் பொத்தானை அழுத்துகிற நொடியில்தான் சத்தம் உருவாகிறது. அதை அந்த நொடியிலேயே டால்பி டிஜிட்டலாகச் சுருக்கும் சில்லு பிஎஸ்2-வில் இல்லை. அதனால் பெரும்பாலான கேம்கள் ஸ்டீரியோ பிசிஎம்தான் தருகின்றன. ஆனால் பல கேம்கள் அந்த ஸ்டீரியோவுக்குள்ளேயே டால்பி ப்ரோ லாஜிக் 2 முறையில் பின்பக்கச் சத்தத்தை மடித்து வைத்திருக்கும். எஸ்எஸ்எக்ஸ் ட்ரிக்கி மாதிரி சில கேம்கள் டிடிஎஸ்ஸே தருகின்றன. இரண்டையும் அந்தந்த கேமின் ஆடியோ மெனுவில் நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2001-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் இந்த விஷயத்தில் தனி ரகம். அதில் இருக்கும் என்விடியா சில்லு, ஆடும்போதே டால்பி டிஜிட்டல் 5.1 ஆகச் சுருக்கி அனுப்பும். ஹேலோவை அப்படிக் கேட்க வேண்டும், பின்னால் வருகிற எதிரி பின்னால்தான் வருவான். ஒரே சிக்கல், கன்சோலின் உடம்பில் ஆப்டிகல் ஓட்டை கிடையாது. அட்வான்ஸ்டு ஏவி பேக், ஹை டெஃபினிஷன் ஏவி பேக், பால் (PAL) டிவி முறை உள்ள பகுதிகளில் அட்வான்ஸ்டு ஸ்கார்ட் என்று விற்ற கேபிள்களின் தலைப்பகுதியில்தான் அது இருக்கும். உங்களிடம் மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கேபிள் மட்டும் இருந்தால், ரிசீவருக்கு முன்னால் இந்தக் கேபிளைத் தேடுங்கள்.

கேம்கியூபில் ஆப்டிகலே இல்லை. சிவப்பு, வெள்ளை அனலாக்தான். அதனால் குறைவாக நினைக்க வேண்டாம். மெட்ராய்ட் ப்ரைம், ரோக் லீடர், எஃப்-ஜீரோ ஜிஎக்ஸ் எல்லாம் ப்ரோ லாஜிக் 2-ல் செய்தவை. அப்படி மடித்ததைப் பிரிக்கும் டிகோடர் உள்ள ரிசீவர் இருந்தால், இரண்டு சாதாரண வயரிலிருந்தே ஐந்து ஸ்பீக்கரும் பேசும்.

வீ யூ 5.1-ஐ எச்டிஎம்ஐ வழியாக, சுருக்காத எல்பிசிஎம்மாக (மேலே சொன்ன பிசிஎம்தான்) மட்டுமே தருகிறது. டால்பியும் இல்லை, டிடிஎஸ்ஸும் இல்லை. டிவிக்குப் போய் அங்கிருந்து ஆப்டிகலில் இறங்கினால் இரண்டு சானலாகத்தான் இறங்கும். ரிசீவரின் எச்டிஎம்ஐ-யில் நேராகச் செருகினால் மட்டுமே ஆறும் கிடைக்கும்.

ஆக, உங்களுக்குத் தேவையான ரிசீவர் மூன்று வேலை செய்ய வேண்டும்: எச்டிஎம்ஐ-யில் பல சானல் எல்பிசிஎம்மை வாங்கி ஒலிக்க வேண்டும், ஆப்டிகலில் டால்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும் பிரிக்க வேண்டும், ப்ரோ லாஜிக் 2 இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக அமைவது ஏறத்தாழ 2008 முதல் 2013 வரை வந்த நடுத்தர மாடல்களில். 2005, 2006 வாக்கில் வந்த பல ரிசீவர்களில் எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தும் அது படத்தை மட்டும் கடத்தும், சத்தத்தைத் தொடாது. அதில் ஏமாந்துவிடாதீர்கள்.

வேளச்சேரி ஒலி:

பழையதற்கு ஏன் அலைய வேண்டும்? 20,000-க்கு மேல் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் புது 5.1 ரிசீவரே வாரண்டியோடு வாங்கலாம். டால்பி டிஜிட்டல், டிடிஎஸ், எல்பிசிஎம் எல்லாம் அதிலும் உண்டு.

பழைய கன்சோல்:

கேம்கியூப் இல்லாதவருக்கு நானும் அதையே சொல்வேன். 2014 வாக்கில் வீட்டு ரிசீவர்களுக்கு அட்மாஸ் என்ற டால்பியின் புது சரவுண்ட் முறை வந்தது. அதன்பின் பல நிறுவனங்கள் ப்ரோ லாஜிக் 2-ஐ எடுத்துவிட்டு, டால்பி சரவுண்ட் என்ற பெயரில் புது அப்மிக்ஸரை வைத்தன. அது எந்த ஸ்டீரியோவையும் எல்லா ஸ்பீக்கருக்கும் பரப்பும், பாட்டுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கேம் செய்தவர்கள் ப்ரோ லாஜிக் 2-ஐ மனதில் வைத்து இடம் குறித்த சத்தம், அதில் அதே இடத்தில் அதே கூர்மையோடு விழுவதில்லை. ஒரே கேமை இரண்டு ரிசீவரிலும் கேட்டிருக்கிறேன். பழைய டிகோடரில் இடது பின்பக்கம் என்றால் இடது பின்பக்கம்தான். இவருடைய பிஎஸ்2-வும் கேம்கியூபும் நம்பியிருப்பது அதைத்தான். தவிர, புது மலிவு மாடல்களில் ஆப்டிகல் ஒன்று, அனலாக் இரண்டு என்று ஓட்டைகளே குறைந்துவிட்டன.

கோவை சோல்டர்:

நம் ஊர் வழி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆறு ஆர்சிஏ இன்புட் (சிவப்பு, வெள்ளை அனலாக் வயர் செருகும் ஓட்டை) உள்ள 5.1 ஆம்ப்போ அசெம்பிள் செட்டோ வீட்டில் இருந்தால், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் 5.1 டிகோடர் பெட்டி போதும். ஆப்டிகல் உள்ளே, ஆறு ஆர்சிஏ வெளியே. எக்ஸ்பாக்ஸுக்கு அருமையாக வேலை செய்யும். ஆனால் இந்தப் பெட்டிகளில் நான் பார்த்தவற்றில் உண்மையான ப்ரோ லாஜிக் 2 இல்லை, ஸ்டீரியோ வந்தால் அதையே பின்னாலும் நகல் எடுத்து அனுப்புகின்றன. வீ யூவின் எல்பிசிஎம் ஆப்டிகலில் வரவே வராது. தம்பியின் நான்கில் ஒன்றுக்குத்தான் இது முழுத் தீர்வு. அவருக்கு ரிசீவர்தான் சரி.

வாங்கும்போது பின்பக்கத்தில் வோல்டேஜ் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்க மாடல் 120 வோல்ட், ஜப்பான் மாடல் 100 வோல்ட். நம் 230-ல் நேராகச் செருகினால் ஒரே நொடியில் முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாம், ஆனால் 5.1 ரிசீவருக்குத் தாங்குகிற அளவில் அது கனமும் விலையும் கூடியது. 230 வோல்ட் மாடலாகவே தேடுங்கள்.

மதுரைப் பையன்:

மிக்க நன்றி அண்ணா, இப்போதுதான் எல்லாம் புரிகிறது. எக்ஸ்பாக்ஸுக்கு ஆப்டிகல் கேபிள் சொல்லிவைத்துவிட்டேன். விசாரித்ததில் யமஹா ஆர்எக்ஸ்-வி673, டெனான் ஏவிஆர்-எக்ஸ்2000 இரண்டும் பழையதாகக் கிடைக்கின்றன, இரண்டும் 230 வோல்ட். எதை எடுக்கலாம்? இரவல் செட்டின் ஸ்பீக்கர்களையும் சப்வூஃபரையும் நண்பர் எனக்கே தந்துவிடுவதாகச் சொல்கிறார். அவற்றை ரிசீவரில் மாட்டலாமா? படத்தையும் ரிசீவர் வழியாகவே டிவிக்குக் கொண்டுபோனால் வயர் குறையுமே?

பழைய கன்சோல்:

முதலாவது 2012 மாடல், இரண்டாவது 2013. இரண்டிலும் ப்ரோ லாஜிக் 2 குடும்ப டிகோடர் உண்டு, எல்பிசிஎம்மும் உண்டு. நல்ல நிலையில் எது இருக்கிறதோ அதை எடுங்கள். நேரில் போகும்போது ஒரு டிவிடி பிளேயரும் எச்டிஎம்ஐ கேபிளும் கொண்டுபோய் ஒவ்வொரு எச்டிஎம்ஐ ஓட்டையையும் சோதியுங்கள். இந்த வயதுப் பெட்டிகளில் முதலில் போவது அந்த போர்டுதான். கால் மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு சானலுக்கும் டெஸ்ட் டோன் போட்டுக் கேளுங்கள். அறையை அளக்கும் மைக் கூட இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் தொலைந்திருக்கும். இல்லாவிட்டாலும் டேப் வைத்து தூரத்தை அளந்து கையாலேயே போட்டுக்கொள்ளலாம்.

படத்தை ரிசீவர் வழியாக அனுப்புவது பற்றி அழுத்திச் சொல்கிறேன்: வீ யூவைத் தவிர வேறு எதையும் அப்படிச் செய்யாதீர்கள். பழைய கேம்களில் 240பி சிக்னல் (240 கோடுகளையும் ஒரே மூச்சில் வரையும் பழைய படமுறை) உண்டு, முக்கியமாக பிஎஸ்2-வில் பிஎஸ்1 டிஸ்க் ஆடும்போது. ரிசீவர்கள் அதை 480ஐ (ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோடு வரையும் முறை) என்று தப்பாக எடுத்துக்கொண்டு கோடுகளைக் கலக்கும், சிலவற்றில் படமே வராது. அனலாக்கை எச்டிஎம்ஐ-யாக மாற்றும்போது தாமதமும் சேரும், பொத்தான் அழுத்திய பிறகு குதிப்பது தெரியும். படம் நேராக டிவிக்கு, அல்லது ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் மாதிரி, பழைய படத்தை டிவிக்கு ஏற்றபடி மாற்றும் ஸ்கேலர் வழியாக டிவிக்கு. சத்தம் மட்டும் ரிசீவருக்கு. டிவியில் கேம் மோட் போட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்தே வரும். வயர் கூடுவது கூடட்டும்.

வீ யூ மட்டும் ரிசீவரின் எச்டிஎம்ஐ-யில். அதில் ஸ்கேலிங்கை நிறுத்தி, வந்தது வந்தபடி கடத்தும்படி வைத்தால் தாமதம் உணர முடியாது.

கோவை சோல்டர்:

ஸ்பீக்கர் பற்றி நான் சொல்கிறேன். செட்டோடு வரும் சின்ன ஸ்பீக்கர்களின் பின்பக்கம் எத்தனை ஓம் (மின்தடை) என்று பாருங்கள். 3, 4 ஓம் இருந்தால் 6 அல்லது 8 ஓமுக்கு வடிவமைத்த ரிசீவரில் சத்தம் கூட்டும்போது சூடாகும், புரொடெக்ஷனில் போய் அணையும். 6 ஓம் என்றால் தைரியமாக மாட்டுங்கள், வயர் முனையை மட்டும் வெட்டிச் சீவிக்கொள்ள வேண்டும்.

சப்வூஃபர்தான் பெரும்பாலும் ஒத்துவராது. அதற்கென்று தனி பவர் கார்டு இல்லாமல் செட்டிலிருந்தே வயர் போகிறது என்றால் அது பாசிவ். ரிசீவரின் சப்வூஃபர் அவுட்டில் வருவது சின்ன லைன் சிக்னல் மட்டும், அதை நேரடியாக ஓட்டாது. இடையில் ஒரு மோனோ ஆம்ப் போர்டு வைக்க வேண்டும், அல்லது பவர்டு சப் வாங்க வேண்டும். பட்ஜெட்டில் அதற்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

கேம்கியூப் ஆர்சிஏ-வில் ஊம் என்று இரைச்சல் வந்தால் பயப்படாதீர்கள். கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள், பாதி வீடுகளில் கிரவுண்ட் லூப் (எர்த் இரண்டு வழியாகச் சுற்றுவதால் வரும் இரைச்சல்) அங்கிருந்துதான் வருகிறது. ஆப்டிகலில் மின் தொடர்பே இல்லை, அதனால் பிஎஸ்2-வுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் இந்தத் தொல்லை வராது.

மதுரைப் பையன்:

யமஹாவை எடுத்துவிட்டேன்! எல்லா ஓட்டையும் வேலை செய்கிறது. ஸ்பீக்கர் 6 ஓம். சப் பாசிவ்தான், அதனால் பவர்டு சப் ஒன்று தனியாக வாங்கினேன். வீ யூ ரிசீவரின் டிஸ்ப்ளேயில் ஐந்து சானலையும் காட்டுகிறது. எக்ஸ்பாக்ஸில் டால்பி டிஜிட்டல் என்று எழுத்து வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மெட்ராய்ட் ப்ரைமில் மழைச் சத்தம் அறை முழுக்க விழுகிறது, இரண்டு வயரில் இது வருகிறது என்பதை நம்பவே முடியவில்லை.

இரண்டு சந்தேகம் மட்டும் மிச்சம். ப்ரோ லாஜிக்கில் மூவி, மியூசிக், கேம் என்று மூன்று இருக்கின்றன, எது? அப்புறம், பிஎஸ்2-வில் டிவிடி மெனுவிலிருந்து படத்துக்குப் போகும்போது முதல் வசனத்தின் முதல் எழுத்து விழுங்கிப்போகிறது.

பழைய கன்சோல்:

மிகவும் சந்தோஷம் தம்பி. ப்ரோ லாஜிக் 2-ல் செய்த கேம் என்றால் மூவி அல்லது கேம். கேம் மோடில் பின்பக்க எஃபெக்ட்களின் பாஸும் சப்புக்குப் போகும், வெடிச் சத்தத்துக்கு நன்றாக இருக்கும். மியூசிக் வேண்டாம், அது பாட்டுக்காகப் பரப்பிவிடுவது.

எழுத்து விழுங்குவது கோளாறு இல்லை. மெனு பிசிஎம்மாகவும் படம் டால்பியாகவும் இருந்தால், வடிவம் மாறியதை ரிசீவர் கண்டுபிடித்துப் பூட்டிக்கொள்ளும் வரை சத்தத்தை மூடி வைக்கும். அப்படிச் செய்யாவிட்டால் ஸ்பீக்கரில் சர்ரென்று இரைச்சல் அடிக்கும். மேனுவலில் டிகோடர் மோட் என்று இருக்கும், அது ஆட்டோவில் இருக்கட்டும். டிடிஎஸ் கேம் போடும்போது மட்டும் டிடிஎஸ் என்று மாற்றிப் பாருங்கள். பூட்டுவது சீக்கிரம் நடந்தால் அப்படியே விட்டுவிடலாம், ஆடி முடித்ததும் திரும்ப ஆட்டோவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்து போடும் ஸ்டீரியோ கேமில் சத்தமே வராமல் குழம்புவீர்கள்.