மசாய் மக்களின் வீரர் சடங்குகளுக்கு இன்று என்ன பொருள்?

கேள்வி:
கென்யாவிலும் தான்சானியாவிலும் வாழும் மசாய் இளைஞர்கள் 'மொரான்' எனும் வீரர் பருவத்தை அடைவதற்கும், அதைக் கடந்து மூத்தோராவதற்கும் தனித்தனிச் சடங்குகள் உள்ளன. கென்யாவில் 1977 முதல் வேட்டை தடைசெய்யப்பட்டுள்ளதே, வீரத்தின் சான்றாகக் கருதப்பட்ட சிங்க வேட்டை இல்லாத வீரத்திற்கு என்ன பொருள் எஞ்சியிருக்கிறது? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஐயா, வேட்டையை மட்டும் அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது. மொரான்கள் மூத்தோர் நிலையை நோக்கி நகரும் 'எயுனோட்டோ' சடங்கின் உச்சம், ஆண்டுக்கணக்கில் வளர்த்து, பின்னி, செங்காவி பூசிய மகனின் கூந்தலைத் தாயே மழித்துவிடும் தருணம்தான். அச்சமறியாதவர் எனப் பெயரெடுத்த இளைஞர்களில் சிலர் அப்போது வாய்விட்டு அழுதுவிடுகிறார்கள். அதன் பின்னரே அவர்கள் மணம் முடிக்கலாம்.

மறுமொழி 2:
உடன்படுகிறேன். ஆயினும் வேட்டை தந்த புகழுக்கு மாற்று தேவைப்பட்டது. தென் கென்யாவின் அம்போசெலிப் பகுதியில் 2012-இல் தொடங்கிய மசாய் ஒலிம்பிக் போட்டிகளில், ஈட்டி எறிதலும் உயரத் துள்ளலும் அந்தப் புகழைத் தருகின்றன; மூத்தோர்களே இம்மாற்றத்தை ஆதரித்தார்கள் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

மறுமொழி 3:
போட்டியில் வெல்வது ஒரு நாள் நிகழ்வு. வயதுக்குழுவாகச் சேர்ந்து வாழ்ந்து, உணவைத் தனித்து உண்ணாமல் பகிர்ந்து பெற்ற தோழமையோ வாழ்நாள் முழுவதும் நீடிப்பது. பள்ளிப் படிப்பும் மேய்ச்சல் நிலம் துண்டாடப்படுவதும் அந்தக் கூட்டு வாழ்வின் காலத்தைச் சுருக்கிவிட்டன. இச்சடங்குகளை யுனெஸ்கோ 2018-இல் உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.