பெடல் ஸ்டீல்ல மூணாவது கம்பி காதைக் குத்துது, ப்ரீஆம்ப் வாங்கினா சரியாகுமா?

மூணாம்கம்பி:

வணக்கம் மக்களே. நான் இருக்கறது டெக்சாஸ்ல, டாலஸ் பக்கம். ரெண்டு வருஷமா பெடல் ஸ்டீல் (படுக்க வெச்சு, கம்பி மேல உலோக பாரைத் தேய்ச்சு வாசிக்கற கிதார், காலாலயும் முட்டியாலயும் சுதியை மாத்தலாம்) பழகறேன், செகண்ட் ஹாண்ட்ல வாங்கின பத்து கம்பி செட், ஈ9ங்கற ட்யூனிங், மூணு பெடல், நாலு முட்டி லீவர். வீட்ல சத்தம் கம்மியா வெச்சு வாசிக்கறப்போ ஒரு குறையும் தெரியல, ஆனா ஞாயித்துக்கிழமை இங்க ஒரு ஜாம் நடக்கும், அங்க ட்ரம்ஸ், ஃபிடில் எல்லாத்துக்கும் மேல கேக்கணும்னு சத்தத்தை ஏத்தினா மூணாவது கம்பி பத்தாவது ஃபிரெட் தாண்டினதும் ஊசி மாதிரி காதுல இறங்குது. சரின்னு ட்ரெபிளைக் குறைச்சா 8, 9, 10 கம்பியெல்லாம் களி கிண்டின மாதிரி ஆயிடுது. நடுவுல ஒரு இடம் இருக்கணுமே, எனக்கு அது கிடைக்கவே இல்ல.

செட்டப் சொல்றேன். ஸ்டீல்ல இருந்து 6 மீட்டர் கேபிள், அப்புறம் சாதா வால்யூம் பெடல் (உள்ள 500கே, அதாவது 500 கிலோ ஓம் பாட், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற திருகு மாதிரி, கரன்ட் எதுவும் கிடையாது), அதுல இருந்து இன்னொரு 6 மீட்டர் கேபிள், கடைசில ட்வின் ரிவர்ப் மாதிரி ஒரு ட்யூப் ஆம்ப், 12 இன்ச் ஸ்பீக்கர் ரெண்டு. பிக்கப் (கம்பி அதிர்வை சிக்னலாக்கற காயில்) மீட்டர்ல 18கே காட்டுது.

இப்போ எல்லாரும் ப்ரீஆம்ப் (ஆம்ப்புக்கு முன்னாடி சிக்னலைச் சரி பண்ற பொட்டி) வாங்கு ப்ரீஆம்ப் வாங்குங்கறாங்க. குட்ரிச் மேட்ச்பாக்ஸ்ங்கறாங்க, சார்னோவோட ப்ளாக் பாக்ஸ்ங்கறாங்க, ஒருத்தர் ராக்ல மாட்டற பெரிய ட்யூப் ப்ரீஆம்ப்பே வாங்கிடுங்கறார். கையில 300 டாலர் இருக்கு. எது வாங்கறது, அதை வால்யூம் பெடலுக்கு முன்னாடி போடறதா பின்னாடி போடறதா?

இன்னொண்ணு, சம்பந்தம் இருக்கான்னு தெரியல. வால்யூம் பெடல் பாதி மிதிச்சிருக்கறப்போ சத்தம் கம்பளி போத்தின மாதிரி இருக்கு, நோட்டு அடங்க அடங்க காலை அழுத்திட்டே போனா கடைசில திடீர்னு பளிச்சுனு ஆயிடுது. எல்லாருக்கும் இப்படித்தானா?

சால்டர்புகை:

கடைசில போற போக்குல ஒண்ணு சொன்னீங்க பாருங்க, உங்க வியாதியில பாதி அதுலயே இருக்கு.

முதல்ல ஒண்ணு தெளிவாயிடணும், ப்ரீஆம்ப்னு ஒரே பேர்ல மூணு விதமான பொட்டியை விக்கறாங்க. மேட்ச்பாக்ஸ், ப்ளாக் பாக்ஸ் இதெல்லாம் அடிப்படையில பஃபர், பிக்கப்புக்கு சுமை குடுக்காம சிக்னலை வாங்கி அடுத்த ஆளுக்கு பலமா தள்ளி விடறது அதோட வேலை. இன்னொரு வகை ஈக்யூ (குறிப்பிட்ட ஃப்ரீக்வென்சியை ஏத்தி இறக்கற திருகு) உள்ள ப்ரீஆம்ப், அதுலதான் டோனை நிஜமா செதுக்க முடியும். மூணாவது, ஆம்ப்போட முன்பாதியை அப்படியே பொட்டியில வெச்ச மாதிரி வர்றது, அந்த ராக் சமாச்சாரம் இதுதான். உங்களுக்கு எது வேணும்ங்கறது நோய் என்னங்கறதைப் பொறுத்தது.

சாதா கிதார் பிக்கப் 6, 7, 8கே இருக்கும். ஸ்டீல் பிக்கப் உங்களது மாதிரி 17, 18, 20கே வரைக்கும் சுத்திருப்பாங்க. சுத்து கூடினா இன்டக்டன்ஸ் கூடும், அதோட கேபிளோட கெப்பாசிட்டன்ஸ் சேந்து ஒரு ஃப்ரீக்வென்சில ரெசொனன்ஸ் மேடு வரும், அதாவது அந்த இடத்துல மட்டும் சத்தம் தூக்கலாக் கேக்கும். ஒரு கணக்குக்கு பிக்கப் 8 ஹென்றின்னு வெச்சுக்கோங்க, கேபிள் மீட்டருக்கு சுமார் 100 பிகோஃபாரட், பிக்கப் சுத்துல இருக்கறதையும் சேத்து மொத்தம் 700னு வெச்சா மேடு 2100 ஹெர்ட்ஸ் கிட்ட நிக்கும். கேபிளை 1 மீட்டர் ஆக்கி பஃபர்ல சொருகினா மொத்தம் 200 ஆயிடும், மேடு 4000 ஹெர்ட்ஸ் கிட்ட போயிடும். அது மட்டும் இல்ல, இப்போ பெடல்ல இருக்கற 500கேயும் ஆம்ப் இன்புட்டோட 1 மெக்கும் (1000கே) சேந்து அந்த மேட்டைக் கொஞ்சம் அமுக்கிட்டிருக்கு, பஃபர் போட்டா அந்த அமுக்கலும் போயிடும். அதனால காதைக் குத்துதுன்னு சொல்லிட்டு வெறும் பஃபரை வாங்கினீங்கன்னா இன்னும் நல்லா குத்தும். எத்தனையோ பேர் இதுல ஏமாந்து, மாசம் திரும்பறதுக்குள்ள வித்துட்டுப் போயிருக்காங்க.

இப்போ உங்க கம்பளி. 500கே பாட் மின்சார ரீதியா நட்டநடுவுல நிக்கறப்போ அதுக்கு முன்னாடி 250கே, கீழ 250கே, ரெண்டும் சேந்து வெளிய 125கேயாத் தெரியும் (கால் எங்க இருக்குங்கறது வேற, பாட் எந்த வேகத்துல ஏறுதுங்கறதைப் பொறுத்து மாறும்). அந்த 125கேக்குப் பின்னாடி 6 மீட்டர் கேபிள், 600 பிகோஃபாரட். கணக்குப் போட்டா 2100 ஹெர்ட்ஸுக்கு மேல இறங்க ஆரம்பிச்சிடும். முழுசா மிதிச்சா அந்த 125கே காணாமப் போயிடும், அடைச்சிருந்த ட்ரெபிள் மொத்தமா வெளிய வரும். நீங்க பாதி மிதில இருந்துட்டு ஆம்ப்ல ட்ரெபிளை ஏத்தி வெச்சிருப்பீங்க, நோட்டை இழுக்க அழுத்தறப்போ அது ரெட்டிப்பா வந்து அடிக்குது.

முன்னாடியா பின்னாடியான்னா, பிக்கப் மேல இருக்கற சுமையைக் குறைக்கணும்னா முன்னாடி, கம்பளியை எடுக்கணும்னா பின்னாடி. பெடலோட அவுட்புட்ல ஒட்டினாப்ல ஒரு பஃபர் வெச்சா நீளக் கேபிள் அந்த 125கேயைப் பாக்கவே பாக்காது. இல்ல முன்னாடிதான் வெப்பேன்னா உள்ள இருக்கற பாட்டை 50கேயா மாத்திடுங்க, கம்பளி ஆரம்பிக்கற இடம் 21000 ஹெர்ட்ஸுக்குப் போயிடும், அது காதுக்கே எட்டாது. ஆனா பஃபர் இல்லாம 50கே போட்டுடாதீங்க, பிக்கப்போட சத்தம் செத்துடும். ஹில்டன் மாதிரி பெடல்ல பாட்டே கிடையாது, வெளிச்சத்தை வெச்சு கன்ட்ரோல் பண்ணுது, பஃபரும் உள்ளயே இருக்கு, ஆனா அடாப்டர் வேணும்.

காசு செலவழிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை. பெடலைக் கழட்டிட்டு ஸ்டீலை ஆம்ப்ல நேரா சின்னக் கேபிள்ல சொருகிப் பாருங்க, எவ்வளவு பளிச்சுனு ஆகுதுன்னு கேளுங்க, பஃபர் போட்டா ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். அப்புறம் பெடல் இன்புட் ஜாக்ல ஹாட்டுக்கும் (சிக்னல் முனை) கிரவுண்டுக்கும் நடுவுல 470கே ரெசிஸ்டர் ஒண்ணு பத்த வைங்க. பிக்கப் பாக்கற ரெசிஸ்டன்ஸ் 333கேல இருந்து 195கே கிட்ட இறங்கும், அதாவது சுமை கூடும், மேடு மழுங்கும். சார்னோவோட ஃப்ரீலோடர்ங்கற பொட்டியில இந்த சுமையைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகே வெச்சிருக்காங்க, பஃபர்தான் வாங்கணும்னா அதைப் பாருங்க. ரெசிஸ்டர் பத்து சென்ட்.

ஸ்கார்பரோ_லாப்ஸ்டீல்:

தம்பி, கணக்கெல்லாம் சரிதான், நான் மறுக்கேல்ல. ஆனா நான் கேக்கிறன், நீங்கள் எந்த இடத்தில பிக் பண்ணுறீங்கள்? வலது கை பிரிட்ஜுக்குக் கிட்டவெண்டால் எந்தப் பெட்டி வாங்கினாலும் குத்தத்தான் செய்யும். பார் பிடிச்ச இடத்துக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில போய் அடிச்சுப் பாருங்கோ, 12ஆவது ஃபிரெட்டில பார் நிக்கேக்க கம்பியிட நீளம் பாதியாப் போகுது, கை மட்டும் பழைய இடத்திலயே நிண்டால் அது ஓப்பன் கம்பிக்கு சரியான இடமா இருக்கும், மேல போனால் இல்லை. கையும் கொஞ்சம் நகரவேணும்.

நான் லாப் ஸ்டீல்தான், பெடல் இல்லை, ஆறு கம்பி. எனக்குப் பிடிச்சது அமெரிக்காவில ஹவுஸ் ஒஃப் கோட் சபைகளில வாசிக்கிற சேக்ரட் ஸ்டீல், ரொபர்ட் ரண்டோல்ஃப் மாதிரி ஆக்கள். அவையள் ப்ரீஆம்ப்பைத் தள்ளி அழவைக்கினம், நீங்கள் அடக்கப் பாக்கிறியள். அதால என்ர பேச்சைப் பெரிசா எடுக்காதேங்கோ, ஆனா கை விசயம் மட்டும் உண்மை.

சால்டர்புகை:

அண்ணே சொல்றது சரி, அதை நான் எழுதாம விட்டது என் தப்பு. வயிறு முட்ட கணக்கு போட்டுட்டு கையை மறந்துட்டேன்.

பீவிதாசன்:

எல்லாரும் ட்ரெபிளைப் பத்தியே பேசறீங்க. குத்தறது ட்ரெபிளே இல்லன்னா?

ஈ9ல மூணாவது கம்பி ஜி ஷார்ப், ஓப்பன்ல 415 ஹெர்ட்ஸ். 12ஆவது ஃபிரெட்ல 831. இப்போ ஸ்டீல்காரங்க காலங்காலமா பீவி நாஷ்வில் 400ங்கற ஸ்டீல் ஆம்ப்ல என்ன பண்றாங்கன்னு பாருங்க, அதுல மிட் (நடு ஃப்ரீக்வென்சியை ஏத்தி இறக்கறது), ஷிஃப்ட் (அது எந்த ஃப்ரீக்வென்சிங்கறதை நகத்தறது)னு ரெண்டு திருகு இருக்கும், ஷிஃப்டை 800 கிட்ட வெச்சு மிட்டை நல்லாக் குறைப்பாங்க. ஸ்டீல் வாசிக்கற யாரைக் கேட்டாலும் இந்த 800 நம்பரைச் சொல்வாங்க. அது சும்மா வந்த நம்பர் இல்ல, மூக்கால பேசற மாதிரி ஒரு சத்தம் வருமே அது அந்த இடத்துலதான் உக்காந்திருக்கு, உங்க மூணாவது கம்பி மேல ஏறி அங்கயே போய் நிக்குது.

உங்க ஆம்ப் ஃபெண்டர் வகை டோன் ஸ்டாக் (ட்ரெபிள், மிட், பாஸ் திருகுகளோட சர்க்யூட்), அதுல மிட் திருகு வெட்டற இடம் 800 கிடையாது, அதுக்கு நல்லாக் கீழ, 400, 500 பக்கம். எல்லாத்தையும் 5ல வெச்சீங்கன்னா அங்க ஒரு பள்ளம், ரெண்டு பக்கமும் மேடு. அதனால ட்ரெபிளைத் திருப்பினா எல்லாம் களி ஆகுது, ஏத்தினா குத்துது. முதல்ல மிட்டை 10ல வெச்சு ட்ரெபிள், பாஸ் ரெண்டையும் 2க்கு இறக்கிப் பாருங்க, அந்த ஸ்டாக்ல ஏறக்குறைய சமதளம் கிடைக்கறது அப்படித்தான். அங்க இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. அப்புறமும் வேணும்னா பாராமெட்ரிக் மிட் உள்ள ஒரு ப்ரீஆம்ப் பெடல் வாங்குங்க, ஃப்ரீக்வென்சியைத் தேர்ந்தெடுக்க திருகு இருக்கணும், அது இல்லாத பொட்டி உங்களுக்கு வேஸ்ட். செகண்ட் ஹாண்ட்ல 150 டாலருக்குள்ள மடக்கலாம்.

வாங்கறப்போ ஒண்ணு பாத்துக்கோங்க, கிதாருக்குன்னு செஞ்ச பெடல் பெரும்பாலும் 9 வோல்ட்ல ஓடும், ஸ்டீல் பிக்கப் கிதார் பிக்கப்பை விட பலமா அடிக்கும், பெடல் உள்ளயே கரகரன்னு உடையும், நீங்க ஆம்ப்பைத் திட்டிட்டு இருப்பீங்க. 18 வோல்ட் ஏத்துக்கும்னு பெடல் மேலயே எழுதியிருந்தா அதுல ஓட்டுங்க, எழுதலன்னா விஷப்பரீட்சை வேணாம். இதை வால்யூம் பெடலுக்குப் பின்னாடி போட்டா உடையறது குறையும், முன்னாடி போட்டா அதோட இரைச்சலும் காலோட சேந்து இறங்கும். நான் பின்னாடிதான் போடறேன்.

மூணாம்கம்பி:

அடேங்கப்பா. ஒரு சந்தேகம், சில நாள் ஜாம்ல ஆம்ப் வேணாம், நேரா மிக்சர்ல குடுன்னுடறாங்க. அந்த ப்ரீஆம்ப்ல இருந்து டைரக்டா குடுக்கலாமா?

பீவிதாசன்:

குடுக்கலாம், அழுவீங்க. 15 இன்ச் ஸ்பீக்கரோ 12 இன்ச்சோ, 5000 ஹெர்ட்ஸுக்கு மேல தானா படுத்துடும். பிஏ (கூட்டத்துக்கு சத்தம் குடுக்கற) ஸ்பீக்கர்ல ட்வீட்டர் இருக்கு, பிக் கம்பியில படற சத்தம், பார் உரசறது எல்லாம் அப்படியே வெளிய வரும். ஸ்பீக்கர் சிமுலேஷன் உள்ள டிஐ (சிக்னலை நேரா மிக்சருக்குக் குடுக்கற பொட்டி) வேணும், இல்லன்னா மிக்சர்ல இருக்கறவர்கிட்ட உங்க சானலை 5, 6 ஆயிரத்துக்கு மேல வெட்டச் சொல்லுங்க. சிரிச்ச முகமா கேளுங்க.

மூணாம்கம்பி:

மூணு வாரம் ஆச்சு, வந்து சொல்லணும்ல.

கையை முதல்ல மாத்தினேன், ஸ்கார்பரோ அண்ணன் சொன்னது உண்மை, காசில்லாம கால்வாசி சரியாயிடுச்சு, ஆனா பழக்கம் விடமாட்டேங்குது, பாட்டு வேகமானா கை தானா பிரிட்ஜ் பக்கம் ஓடிடுது. ஆம்ப்ல மிட் 10, ட்ரெபிள் 3, பாஸ் 3. கீழ்க்கம்பி களி போச்சு. 470கே போட்டேன், வீட்ல நல்லாருந்துச்சு, ஜாம்ல ஃபிடில் கூட வாசிக்கறப்போ மந்தமாத் தெரிஞ்சுது, கழட்டிட்டேன். அதுக்கு பதிலா ஸ்டீலுக்கும் பெடலுக்கும் நடுவுல இருந்த 6 மீட்டரை 3 ஆக்கினேன்.

அப்புறம் ஒரு பாராமெட்ரிக் பெடல் செகண்ட் ஹாண்ட்ல 120க்கு கிடைச்சுது, 18 வோல்ட்ல ஓடும்னு அது மேலயே போட்டிருந்துச்சு. வால்யூம் பெடலுக்குப் பின்னாடி ஒரு சாண் கேபிள்ல போட்டிருக்கேன், அதோட இன்புட் 1 மெக்குங்கறதால அதுவே பஃபர் வேலையும் பாக்குது போல, கம்பளி போயே போச்சு. 800ல ஆரம்பிச்சேன், என் கைக்கு 900 கிட்ட நல்லாருக்கு, 6 டெசிபல் குறைச்சிருக்கேன். போன ஞாயிறு ஃபிடில்காரர் திரும்பிப் பாத்து தலையாட்டினார், ரெண்டு வருஷத்துல முதல் தடவை.

ப்ளாக் பாக்ஸ் இப்போதைக்கு இல்ல. மிச்சக் காசு அப்படியே இருக்கு.

சால்டர்புகை:

ஆமா, அந்த பெடலோட இன்புட்டே பஃபர்தான், பைபாஸ்ல போட்டா மட்டும் சில பெடல்ல அது விலகிடும், அப்போ கம்பளி திரும்ப வந்தா பயந்துடாதீங்க. ரெக்கார்டிங் ஒண்ணு போடுங்க, கேப்போம்.

மூணாம்கம்பி:

இந்த ஞாயிறு எடுத்துப் போடறேன், மூணாவது கம்பியை இழுத்து சுதி ஏத்தற பி பெடலை மிதிச்சு மிதிச்சு அந்தக் கம்பி அதுக்குள்ள அறுந்துடாம இருந்தா.