பழைய 15 குதிரைவலு போட் எஞ்சின்: காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுக்குது

வாவிக்கரை:
வணக்கம். இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்றது. கடற்கரைப் பக்கம் ஓடின எஞ்சின், இப்ப நுவரெலியாவில கிரகரி வாவிக்கு வந்திருக்கு. காலையில 15, 20 தடவை இழுக்கணும். சூடான பிறகு ஒரே இழுவை. பிளக் ரெண்டும் புதுசு. உயரமான இடம், மெயின் ஜெட்டை (கார்புரேட்டர்ல பெற்றோல் அளவா வர்ற பெரிய துளைத் திருகு) மாத்துங்கன்னு ஒருத்தர் சொல்றார். மாத்தலாமா?

சுக்கான்:
ஜெட்ல இப்ப கை வைக்காதீங்க. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்க காத்தோட அடர்த்தி கடல்மட்டத்தை விட ஆறுல ஒரு பங்கு குறைவு, அதனால கலவை பெற்றோல் கூடித்தான் போகும். ஆனா மெயின் ஜெட் வேலை செய்றது திராட்டில் முக்கால்வாசிக்கு மேல திறந்த பிறகுதான். முழு வேகத்துல இழுவை குறைஞ்சு, புகை கக்கி, பிளக் கறுத்தா அப்ப சின்ன ஜெட் போடலாம். ஸ்டார்ட் ஆகிறதுக்குப் பொறுப்பு சோக்கும் (குளிர்ல காத்தை அடைச்சுக் கலவையில பெற்றோலைக் கூட்டுற தகடு) பைலட் ஜெட்டும் (குறைஞ்ச வேகத்துக்குப் பெற்றோல் விடுற சின்ன ஜெட்).

முதல்ல ஒண்ணு பாருங்க. காலையில ஆறு தடவை இழுத்தும் பிடிக்கலன்னா நிறுத்திட்டு உடனே பிளக்கைக் கழட்டுங்க. காய்ஞ்சிருக்கா, நனைஞ்சிருக்கா? அது தெரியாம மத்ததெல்லாம் குருட்டு வைத்தியம்.

வாவிக்கரை:
பார்த்தேன் அண்ணே. ரெண்டும் காய்ஞ்சிருக்கு. பெற்றோல் குழாயில இருக்கிற ரப்பர் கைப்பம்பை எவ்வளவு அமுக்கினாலும் கல்லு மாதிரி இறுகல, மெத்துன்னே இருக்கு.

மஸ்கெலியா மெக்கானிக்:
பாதி விடை அதுலயே இருக்கு. பெற்றோல் மேல வரல. இந்த வரிசையில போங்க:

டேங்க் மூடியில காத்து வர்ற திருகைத் திறந்திருக்கீங்களா? சிரிக்காதீங்க, பாதிப் பேர் மறக்கிறது இதைத்தான். அடுத்தது கைப்பம்ப். அம்புக்குறி எஞ்சினைப் பார்க்கணும், அமுக்கும்போது அம்பு மேல் நோக்கி நிக்கிற மாதிரிப் பிடிக்கணும், அப்பதான் உள்ள இருக்கிற வால்வு சரியா உட்காரும். அப்பவும் இறுகலன்னா குழாயை எஞ்சினில் மாட்டுற கனெக்டரைப் பாருங்க. அதுக்குள்ள ஒரு சின்ன ஓ-ரிங் இருக்கு. அது வெடிச்சிருந்தா வெளிய ஒரு சொட்டுகூட ஒழுகாது, ஆனா காத்தை உள்ள இழுக்கும். ராத்திரி முழுக்கக் குழாயில இருந்த பெற்றோல் டேங்குக்கே திரும்பிடும், காலையில வெறும் காத்தைத்தான் இழுத்துட்டு இருப்பீங்க. சூடா இருக்கும்போது கார்புரேட்டர் கிண்ணம் நிறைஞ்சிருக்கிறதால ஒரே இழுவை.

அதோட சோக்கையும் பாருங்க. குமிழை இழுத்தா மட்டும் போதாது. காத்து மூடியைக் கழட்டி, உள்ள தகடு முழுசா மூடுதான்னு கண்ணால பார்க்கணும். கம்பி தளர்ந்து கால்வாசி திறந்தே நின்னா நம்ம ஊர்க் குளிருக்குப் பத்தாது.

சுக்கான்:
அதெல்லாம் சரியாகியும் தொல்லைன்னா கார்புரேட்டர். கிண்ணத்துக்கு அடியில இருக்கிற திருகைத் திறந்து கண்ணாடிக் கிளாஸ்ல வடிச்சுப் பாருங்க. தண்ணி இருந்தா அடியில முத்து முத்தா உருளும். பைலட் ஜெட்டைக் கழட்டி வெளிச்சத்துக்குப் பிடிச்சா ஊசித் துளை வட்டமாத் தெரியணும். அடைச்சிருந்தா இரும்புக் கம்பி விடாதீங்க, துளை பெருசாகிடும். தங்கூசி நரம்பு ஒண்ணு போதும், பிறகு கார்ப் கிளீனர் அடிங்க. கார்புரேட்டரோட காத்துத் திருகைக் கழட்டுறதுக்கு முன்னாடி அது எத்தனை சுத்துல உட்காருதுன்னு எண்ணி எழுதி வைங்க.

கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டர் அழுத்தம் அளக்கிற மீற்றர்) போட்டா கடல்மட்டத்துக்குச் சொன்ன எண்ணைத் தேடிப் பயப்படாதீங்க, இங்க குறைவாத்தான் காட்டும். ரெண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம், 10 சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லது.

வாவிக்கரை:
ஓ-ரிங்தான். நடுவுல வெடிப்பு. மாத்தினதும் எட்டு அமுக்கல்ல பம்ப் இறுகுது. ஆனா இன்னைக்கு சோக்கைப் போட்டு விடாம இழுத்ததுல பிளக் நனைஞ்சு போச்சு.

மஸ்கெலியா மெக்கானிக்:
அப்ப இப்ப பெற்றோல் கூடிப்போச்சு. முதல் இருமல் கேட்டதும் சோக்கைப் பாதி உள்ள தள்ளணும், பிடிச்சதும் முழுசா. நனைஞ்ச எஞ்சினுக்கு: பெற்றோல் குழாயைக் கழட்டுங்க, கில் சுவிட்ச் (எஞ்சினை நிறுத்துற சுவிட்ச்) கிளிப்பை எடுங்க, பிளக் ரெண்டையும் கழட்டி வயர் தலையை எஞ்சினோட உலோக உடம்புல தொட்டு எர்த் ஆகிற மாதிரி வைங்க. சோக்கை உள்ள தள்ளி, திராட்டில் முழுசாத் திறந்து பத்துத் தடவை இழுங்க. பக்கத்துல பீடி, சிகரெட் வேண்டாம், துளையால பெற்றோல் ஆவியாப் பீய்ச்சும்.

பெற்றோலோட ஒயில் எவ்வளவு கலக்கிறீங்க? 50க்கு 1ன்னா 10 லீற்றருக்கு 200 மி.லீ. கண் மதிப்புல ஊத்தினா புது பிளக்கும் ரெண்டு வாரத்துல எண்ணெய் பிடிச்சிடும்.

வாவிக்கரை:
கண் மதிப்புதான்! அளவுக் கோப்பை இன்னைக்கே வாங்கிடுறேன். கரையில ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

சுக்கான்:
ட்ரம்ல தண்ணி இருந்தா மட்டும். விசிறிக்கு மேல இருக்கிற தட்டு முழுகிற அளவுக்கு வேணும். தண்ணி இல்லாம ஓட்டினா கூலிங் பம்போட ரப்பர் இம்பெல்லர் (தண்ணியைத் தள்ளுற சின்னச் சக்கரம்) கருகிடும்.