ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கு மாறுகிறோம்: பறிப்புக் கூலியை எப்படி வைப்பது?

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் எங்களுக்குத் தோட்டமும் சின்ன தேயிலை ஃபேக்டரியும் இருக்கிறது. இலையை நொறுக்கிக் குருணையாக்கும் சி.டி.சி. தூளை விட்டு, இலையை உருட்டிச் சுருட்டிச் செய்யும் ஆர்த்தடாக்ஸுக்கு மாறுகிறோம். நீலகிரி ஆர்த்தடாக்ஸுக்கு 2008லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மெஷினுக்கும் ஏற்பாடு ஆயிற்று.

இடிப்பது பறிப்பில்தான். இரண்டு இலை ஒரு மொட்டாகப் பார்த்துக் கிள்ள வேண்டும். கூலியோ கிலோ கணக்கில்! முற்றின இலையை விட்டுவிட்டால் எடை குறையும், பறிக்கும் அக்காமார் வருமானம் அடிபடும். அவர்கள் தலையில் இந்த நஷ்டத்தைக் கட்ட எனக்கு மனசு வரவில்லை. அப்படிச் செய்தால் திட்டமும் நிற்காது. ஃபேக்டரியில் பல வருஷமாக இருப்பவர்களுக்கும், வேலை போய்விடுமோ என்ற கலக்கம்.

கொழுந்தின் தரத்துக்குத் தனிக்கூலி கொடுப்பவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எதை வைத்துக் கணக்கிடுகிறீர்கள்? மேஸ்திரிகளிடம் முதலில் என்ன பேசினீர்கள்? பனிக்காலக் கொழுந்து வருவதற்குள் தெரிந்தால் பெரிய உதவி.