எஸ்.எம்.பி.எஸ். கெப்பாசிட்டரில் சார்ஜ் தேங்கியிருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பார்ப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். ஓடாமல் நின்றுபோன கணினி எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) ஒன்றைத் திறந்து பார்க்க எண்ணியுள்ளேன். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதிலுள்ள, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கும் என்கிறார்கள். அதை எப்படிப் பாதுகாப்பாக அளப்பது? ஸ்க்ரூடிரைவரால் இரண்டு காலையும் சேர்த்துத் தொட்டால் போதும் என்று ஒருவர் சொன்னது சரிதானா?

பதில் 1:
ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம். 230 வோல்ட் ஏ.சி. டி.சி.யாக மாறும்போது, அதன் உச்ச அளவான ஏறத்தாழ 325 வோல்ட் அந்தக் கெப்பாசிட்டரில் ஏறி நிற்கிறது. அதை ஷார்ட் செய்தால், உருகிய உலோகம் கண்ணில் தெறிக்கக்கூடும்.

மீட்டரை டி.சி. வோல்ட்டில், 600 அல்லது 1000 ரேஞ்சில் வையுங்கள். சிவப்பு வயர் கரண்ட் அளக்கும் 10 ஆம்பியர் துளையில் இருந்தால் மீட்டரே ஷார்ட் ஆகிவிடும். ஏ.சி. வோல்ட்டில் வைத்து அளந்தால், கெப்பாசிட்டர் நிறைந்திருந்தாலும் பூஜ்யம் காட்டக்கூடும். அறுந்த வயரும் அதே பூஜ்யத்தைத்தான் காட்டும். ஆகவே முதலில் 9 வோல்ட் பேட்டரி ஒன்றை அளந்து, பிறகு கெப்பாசிட்டரை அளந்து, மறுபடியும் அதே பேட்டரியை அளந்து பாருங்கள். இரண்டு முறையும் பேட்டரி சரியாகக் காட்டினால்தான் நடுவில் வந்த பூஜ்யத்தை நம்பலாம்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நன்றாக ஓடும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைவிட, ஓடாமல் நிற்பதில்தான் சார்ஜ் நெடுநேரம் தங்கும்; ஏனெனில் அதை இழுத்துத் தீர்க்கும் சுற்று வேலை செய்வதில்லை, வடிப்பதற்கென்று வைத்த ரெசிஸ்டரும் சில வேளை அறுந்திருக்கும். மீட்டரை வைத்திருந்தாலே வடிந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். 10 மெகாஓம் மீட்டரும் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்தால், மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கவே அரைமணி நேரத்துக்கு மேலாகும்.

2 கிலோஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றில் இன்சுலேஷன் உள்ள வயர்களை இணைத்து, இரு கால்களிலும் சில விநாடி வைத்து, மீட்டரில் வோல்ட் இறங்குவதைப் பாருங்கள். எடுத்த பிறகு சிறிது ஏறக்கூடும் என்பதால் சற்றுப் பொறுத்து மறுபடி அளக்க வேண்டும். சில எஸ்.எம்.பி.எஸ்.களில் 200 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இரண்டு தொடராக இருக்கும். இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இதே முறையை மைக்ரோவேவ் அடுப்புக்கும் பின்பற்றலாமா?

பதில் 2:
கூடாது. அதிலுள்ள கெப்பாசிட்டரில் 2000 வோல்ட்டுக்கும் மேல் ஏறும். சாதாரண மல்டிமீட்டரும் அதன் வயர்களும் அதைத் தாங்கா. அதற்குரிய உயர் மின்னழுத்தப் புரோபும் பயிற்சியும் உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.