கோட்லா டெஸ்டுக்குப் பையனை எந்த நாள் கூட்டிப் போகலாம்?

மயூர்விஹார்வாசி:
பையனுக்குப் பத்து வயது. ஐபிஎல் தவிர வேறெதுவும் பார்த்ததில்லை. "அஞ்சு நாளா ஆடுவாங்க?" என்று சிரிக்கிறான். அடுத்து எந்த வெளிநாட்டு அணி டெல்லி கோட்லா மைதானத்தில் டெஸ்ட் ஆட வந்தாலும் ஒரு நாளாவது கூட்டிப் போக ஆசை. எந்த நாள் நல்லது? 2023-இல் ஆஸ்திரேலியா வந்தபோது நாலாம் நாள், திங்கட்கிழமைக்கு லீவு சொல்லி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமையே மேட்ச் முடிந்துவிட்டது. லீவில் பரண் சுத்தம் செய்தேன்.

கரோல்பாக்காரன்:
மூன்றாம் நாளுக்கு மேல் நம்பாதீங்க சார். அந்த ஞாயிறு காலை ஒரு விக்கெட்டுக்கு 61 என்று இறங்கிய ஆஸ்திரேலியர்கள் 113-இல் சுருண்டார்கள். ஜடேஜாவுக்கு 7 விக்கெட். பந்து எழும்பாத பிட்சில் ஆளாளுக்கு மட்டையைக் குறுக்கே வீசி ஸ்வீப் ஆடினால் வேறென்ன ஆகும்?

எந்த நாள் போனாலும் சரி, பாதியில் மட்டும் கிளம்பாதீங்க. 1999 பிப்ரவரி 7, அதுவும் ஞாயிறுதான். அப்பாவோடு போயிருந்தேன். பாகிஸ்தானுக்கு 420 இலக்கு. சாப்பாட்டு நேரம் வரை அன்வரும் அஃப்ரிடியும் விக்கெட்டே விடவில்லை. எனக்கு நம்ம சடகோபன் ரமேஷ் அந்த மேட்ச்சில் 60, 96 அடித்ததே போதும் என்றிருந்தது. "இனிமே ஒண்ணும் இல்லடா, வீட்ல மோர்க்குழம்பு ஆறுது" என்றார் அப்பா. கிளம்பிவிட்டோம். நம்ம சுழல் பந்துவீச்சாளர் கும்ப்ளே பெவிலியன் முனையிலிருந்து பந்து போட மாறியது அதற்கப்புறம்தான். வீட்டில் டிவியைப் போட்டால் ஆறு விக்கெட் காலி, ஆறும் அவருக்கே. கடைசி விக்கெட்டை அவருக்கே விட்டுவைக்க மறுமுனையில் ஸ்ரீநாத் ஸ்டம்புக்கு வெளியே தள்ளித் தள்ளிப் போட்டதையும், அக்ரம் லக்ஷ்மணிடம் கேட்ச் கொடுத்ததையும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். 74 ரன் கொடுத்து ஒரே ஆளுக்குப் பத்து விக்கெட்! அப்பா ராத்திரி வரை யாரோடும் பேசவில்லை.

ஆர்கேபுரம்அக்கா:
டெல்லி கேட் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். பவர் பேங்க், தண்ணீர் பாட்டிலெல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். டிசம்பர் மேட்ச் என்றால் குழந்தையை அழைத்துப் போக யோசிங்க. 2017-இல் இலங்கை வீரர்களே புகைக்குப் பயந்து மாஸ்க் போட்டு ஃபீல்டிங் செய்தார்கள்.

மயூர்விஹார்வாசி:
சரி, மூன்றாம் நாளே போகிறோம். வீட்டில் அன்றைக்கு மோர்க்குழம்பு வைக்க வேண்டாம் என்று சொல்லியாச்சு.