பழைய கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கில் மாட்டிக்கொண்ட கோப்புகள்: நாலு பேர் எடுத்த கதையும் விட்ட கதையும்

அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் பத்து வருடத்துக்கும் மேலாக ஒரு மூலையில் கிடந்தது. விண்டோஸ் எக்ஸ்பி, 80 ஜிபி ஹார்ட் டிஸ்க். பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. போர்டுதான் போயிருக்கும், டிஸ்க் பிழைத்திருக்கும் என்று ஒரு நப்பாசை. உள்ளே 2003 முதல் 2009 வரை எடுத்த குடும்பப் படங்களும், அப்பா தட்டச்சு செய்து வைத்திருந்த நாற்பது ஐம்பது கட்டுரைகளும் இருந்தன. போன மாதம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், அனேகமாக எல்லாவற்றையும்.

அதற்கு முன்னால் ஒரு கொலைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் என் லேப்டாப் டிஸ்க் மெதுவாகிக்கொண்டே வந்தது, ஒரு படத்தைத் திறந்தால் அரை நிமிடம் யோசிக்கும். டிஸ்க் மக்கர் செய்தால் செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸ் நிரல்) ஓட்ட வேண்டும் என்று எங்கோ படித்த ஞாபகத்தில், எல்லா செக்டரையும், அதாவது டிஸ்க்கின் ஒவ்வொரு சின்னத் துண்டையும், சோதிக்கச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ஃபவுண்ட்.000 என்று ஒரு ஃபோல்டர், உள்ளே பெயரிழந்த துண்டுகள், என் படங்கள் இருந்த ஃபோல்டரைக் காணோம். மறுநாள் டிஸ்க்கே தெரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது, செக்டிஸ்க்கின் கவலை கோப்பு முறைமை, அதாவது எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே என்ற கணக்கு, சீராக இருக்கிறதா என்பது மட்டும்தான், அதற்குள் உங்கள் கோப்பு இருக்கிறதா போச்சா என்பது அதன் கவலை இல்லை. ஒத்துவராத பதிவைக் கத்தரித்துவிடும். சாகக் கிடக்கிற டிஸ்க்கை முனையிலிருந்து முனைவரை படிக்க வைத்து, அதன் மேலேயே எழுதவும் செய்யும். அன்று இரவு அதைத்தான் நான் செய்ய வைத்தேன்.

அதனால் அப்பாவின் டிஸ்க்கை அணுகும்போது கை நடுங்கியது என்றே சொல்லலாம். அது ஐடிஇ என்ற பழைய வகை இணைப்புள்ள டிஸ்க், அகலமான ரிப்பன் கேபிள், 40 பின். இப்போதைய போர்டுகளில் அதற்கு இடமே இல்லை, யுஎஸ்பி அடாப்டர் வாங்கினேன். முதல் நாள் மாட்டியதும் ஒரு அசைவும் இல்லை. டிஸ்க் போய்விட்டது என்று அப்பாவிடம் சொல்லக்கூட வாய் திறந்துவிட்டேன். பார்த்தால், 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தனியாக வேண்டும், யுஎஸ்பி தருவது 5 வோல்ட்தான். அடாப்டரோடு வந்த பவர் செங்கலை நான் டப்பாவிலேயே விட்டிருந்தேன். அதையும் மாட்டிய பிறகு சுற்றியது, ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் இருந்தால் எது முதல் (மாஸ்டர்), எது இரண்டாவது (ஸ்லேவ்) என்று சொல்லும் குட்டி ஜம்பர் பின்பக்கம் இருக்கும், அது ஸ்லேவ் நிலையில் இருந்தது, மாஸ்டருக்கு மாற்றியதும் டிரைவ் எழுத்து வந்துவிட்டது.

அப்பாவின் ஃபோல்டரைத் தட்டினால், உங்களுக்கு அனுமதி இல்லை, தொடர்ந்தால் நிரந்தர அனுமதி கிடைக்கும் என்று விண்டோஸ் கேட்டது. எக்ஸ்பியில் அப்பா பாஸ்வேர்டு வைத்தபோது ஃபோல்டரைத் தனிப்பட்டதாக ஆக்கவா என்று கேட்டிருக்கும், ஆமாம் என்று சொல்லியிருப்பார். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அவர் தவித்தாரே, அதற்குத் தேவையே இல்லை. அந்த அனுமதி வெறும் பெயர்ப் பட்டியல், இன்னின்ன பயனர் எண் மட்டும் நுழையலாம் என்று எழுதி வைத்த சீட்டு. உள்ளே இருக்கும் கோப்பு பூட்டப்படவில்லை. 'தொடர்' அழுத்தினால் அந்தச் சீட்டில் உங்கள் எண்ணையும் ஒவ்வொரு கோப்பிலும் எழுதிக்கொண்டே போகும். ஆரோக்கியமான டிஸ்க் என்றால் தாராளமாக அழுத்துங்கள். நான் அழுத்தவில்லை, ஏனென்றால் அது மறுபடியும் டிஸ்க்கில் எழுதும் வேலை, நான் ஏற்கெனவே சூடு கண்ட பூனை.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலில் பார்த்தேன். 197-ஆம் எண்ணில் வரும் 'பெண்டிங் செக்டர்' பூஜ்யமாக இருந்தால் நல்லது, இங்கே பூஜ்யம் இல்லை. அங்கங்கே படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன என்று அர்த்தம். சரி, லினக்ஸை ஒரு பென் டிரைவிலிருந்து பூட் செய்து, டிடிரெஸ்க்யூவில் முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜ் கோப்பாகப் படி எடுத்தேன். இந்த நிரலை எழுதியவருக்குக் கோயில் கட்டலாம். சிரமமில்லாமல் வரும் பகுதியை முதலில் அள்ளிக்கொள்கிறது, அடம் பிடிக்கும் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில்தான் திரும்பி வருகிறது, அந்தக் குறிப்பு தனியாக ஒரு மேப் கோப்பில் இருப்பதால் நடுவில் நிறுத்திவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சாதாரணமாக இழுத்துப் போட்டு காப்பி செய்தால் கெட்ட இடம் வந்ததும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும், டிஸ்க்கும் சூடேறும். பெரும்பகுதி ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது, மிச்சமிருந்த துளிகளுக்கு ஒரு ராத்திரி போனது. கடைசியில் 300 கேபி சொச்சம்தான் கைக்கு வரவில்லை. டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, இமேஜைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரி லினக்ஸில் திறந்தேன். அனுமதிச் சீட்டை அது சட்டை செய்யவே இல்லை, அப்பாவின் ஃபோல்டர் திறந்துகொண்டது.

கட்டுரைகளைத் திறந்தபோது வேறொரு கூத்து, அதைப் பிறகு எழுதுகிறேன்.

*

மேலே எழுதியவர் சொன்ன இதே அனுமதி விவகாரத்தில் நான் இரண்டு நாள் வீணாக்கியிருக்கிறேன். என்னுடையது விண்டோஸ் 7 டிஸ்க். 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' ஃபோல்டர் திறக்கவே இல்லை, உரிமையை மாற்றிப் பார்த்தேன், கட்டளை கொடுத்துப் பார்த்தேன், ம்ஹூம். கடைசியில் என் தங்கை வந்து பக்கத்திலிருந்த 'யூசர்ஸ்' ஃபோல்டரைத் தட்டினாள், எல்லாம் அங்கே இருந்தது. விஸ்டாவிலிருந்து அந்தப் பழைய பெயர் வெறும் கைகாட்டிப் பலகைதானாம், பழைய நிரல்களுக்காக விட்டு வைத்தது, யாரும் உள்ளே போக முடியாதபடி வேண்டுமென்றே மூடியிருக்கிறார்கள். இன்றுவரை வீட்டில் கேலி ஓயவில்லை.

*

பெயர்ப் பட்டியல் வேறு, பூட்டு வேறு என்று முதலில் எழுதியவர் சொன்னதை நான் அடிக்கோடு போடுவேன், ஏனென்றால் என்னுடையது பூட்டு. லேப்டாப்பின் போர்டு போனது, டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டினால் பிட்லாக்கர் (டிஸ்க்கையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க மீட்புச் சாவி கேட்கிறது. நான் பிட்லாக்கரைத் தொட்டதே இல்லை! மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழையும் பல லேப்டாப்களில் அது தானாகவே இயங்கிக்கொள்ளும் என்று அன்றுதான் தெரிந்தது. நல்லவேளை, சாவி அந்தக் கணக்கிலேயே சேமிப்பாகியிருந்தது, ஃபோனில் உள்ளே போய் எழுதி எடுத்தேன். அது இல்லையென்றால் ஒரு மென்பொருளும் உதவாது, திறந்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள்.

எக்ஸ்பி புரொஃபஷனல் வைத்திருந்தவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். கோப்பின் பெயர் பச்சை நிறத்தில் தெரிந்தால் அது விண்டோஸே பூட்டிய கோப்பு. அனுமதியை எத்தனை தடவை மாற்றினாலும் திறக்காது, பழைய பயனரின் சான்றிதழ், அதாவது அந்தப் பூட்டுக்கான டிஜிட்டல் சாவி, வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது என்றால் அதிலேயே நுழைந்து பூட்டை நீக்கிவிட்டுக் காப்பி எடுப்பதுதான் சுலபம். அவசரப்பட்டு வேறு கணக்கிலிருந்து பாஸ்வேர்டை அழித்து மாற்றாதீர்கள், என் மாமா அதைச் செய்துவிட்டு, கணக்குக்குள் போக முடிகிறது, கோப்பு மட்டும் திறக்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்.

*

என் டிஸ்க் டிக், டிக், டிக் என்றது. அதிகம் எழுத ஒன்றுமில்லை, தோற்றுப்போனேன்.

அந்தச் சத்தம் கேட்டால் உடனே பவரைப் பிடுங்குங்கள், அவ்வளவுதான். டிஸ்க்குக்குள் சுழலும் தட்டின் மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்க வேண்டிய, தட்டைப் படிக்கும் ஹெட், தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிற சத்தம் அது. ஒவ்வொரு முயற்சியிலும் தட்டில் கீறல் விழலாம். நான் பதினைந்து தடவையாவது ஆன் செய்து பார்த்திருப்பேன். பிறகு ஃப்ரீசரில் வைத்துப் பார் என்ற பழைய வைத்தியத்தையும் விடவில்லை. வெளியே எடுத்ததும் குளிர்ந்த உலோகத்தில் ஈரம் கோத்துக்கொண்டது, அதோடு முடிந்தது.

இன்னொரு டிஸ்க் சத்தமே இல்லாமல் செத்தபோது, அதே மாடலில் வேறொன்று வாங்கி அடியிலிருக்கும் பச்சைப் போர்டைக் கழற்றி மாட்டினேன். சுற்றியது, படிக்கவில்லை. அந்தந்த டிஸ்க்குக்கென்று அளந்து எழுதிய விவரங்கள் போர்டில் உள்ள ஒரு சில்லில் இருக்கின்றன, அந்தச் சில்லையும் பெயர்த்து மாற்ற வேண்டும். சாலிடரிங் தெரிந்த நண்பன் மாற்றிக் கொடுத்தான், அந்த டிஸ்க் மட்டும் பிழைத்தது. முதல் டிஸ்க்கை மீட்பு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினேன், திறந்து பார்த்துவிட்டுத் தட்டு தேய்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், தேய்த்தவன் நான்.

*

முதலில் எழுதியவன்தான், மிச்சக் கதை.

கட்டுரைகளைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "அட, இது பாமினி எழுத்துருடா" என்றார். யூனிகோடு பரவுவதற்கு முன்னால், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துருக்களில்தானே தட்டச்சு செய்தோம், புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி. எழுத்துருவை நிறுவியதும் தமிழ் வந்துவிட்டது. யூனிகோடுக்கு மாற்றும் நிரலில் போட்டு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன், உங்கள் பழைய டிஸ்க்கிலிருந்து குப்பை மாதிரி ஏதாவது வந்தால் அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

படங்களில் ஒரு ஃபோல்டர் அப்பா எப்போதோ அழித்தது. அதை இமேஜின் மேல் ஃபோட்டோரெக் என்ற மீட்பு நிரலை ஓட்டித் தேடினேன். அது கோப்பு முறைமையைப் பார்ப்பதே இல்லை, ஒரு ஜேபெக் படக் கோப்பு எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்து டிஸ்க் முழுக்கச் சலிக்கும். அதனால் பெயர் எல்லாம் போய்விடும், எண்கள்தான். பிரௌசர் சேர்த்து வைத்த பொத்தான், விளம்பரம், சிரிப்புப் பொம்மை எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கில் கொட்டியது, அளவு வாரியாக அடுக்கி 200 கேபிக்குக் கீழே இருந்தவற்றைத் தள்ளி வைத்த பிறகுதான் மூச்சு வந்தது. நல்லவேளை, எடுத்த தேதி படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும், அதை வைத்து அடுக்கினேன். இவ்வளவும் முடிந்தது பழைய சுழலும் டிஸ்க் என்பதால். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி என்றால், அழித்த கொஞ்ச நேரத்திலேயே டிரிம் என்ற அதன் துப்புரவு வேலை அந்த இடத்தைத் துடைத்துவிட்டிருக்கும்.

படிக்க முடியாத அந்த 300 கேபியில் ஒரு துண்டு, பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படத்தில் விழுந்திருந்தது. மேல் பாதி தெரிகிறது, முகம் வருமிடத்திலிருந்து கீழே வெறும் சாம்பல் நிறம். ஆனால் கேமரா ஒவ்வொரு படத்தின் தலைப்பகுதியிலும் ஒரு சின்னப் பிரதியை வைத்திருக்கும், 160க்கு 120 புள்ளி. அதைத் தனியாகப் பிரித்தேன். பாட்டி முழுதாக இருக்கிறாள், தபால்தலை அளவில். அப்பா அதையே பெரிதாக்கி பிரிண்ட் போடச் சொல்கிறார், கட்டம் கட்டமாகத்தான் வரும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.